ஆங்கில ஆசிரியர் தேர்வு: ஒரு வினாத்தாளின் வரலாறு

தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால், ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். முதன்மைத் தாளில் 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். 110 கேள்விகள் ஆங்கில இலக்கியம், மொழியியல், இலக்கணம் ஆகியவற்றிலிருந்தும், 30 கேள்விகள் கல்வியியலிலிருந்தும், 10 கேள்விகள் பொது அறிவிலிருந்தும் வரும். இதற்கு முன்பாகத் தமிழில் ஒரு தகுதித் தாளும் உண்டு.

படிக்கத் தொடங்குகிறவர் பாடத்திட்டத்தைப் பார்த்ததும் மலைத்துப் போவது இயல்பு. சாசர் ஒரு பக்கம், அமெரிக்க நாடகம் ஒரு பக்கம், இந்திய ஆங்கில நாவல், ஒலியியல், திறனாய்வுக் கொள்கை, கற்பித்தல் முறைகள் என்று ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும் பகுதிகள். அவை உண்மையிலேயே வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தவைதாம். ஏறக்குறைய 180 ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள் அவை. எந்த அடுக்கு எப்போது, எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி மலைப்பு குறையும்.

தேர்வுக்கென்றே வளர்ந்த பாடம்

1835 பிப்ரவரியில் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பைப் பற்றிப் பள்ளிப் புத்தகங்களே பேசுகின்றன. ஆனால் ஆங்கிலப் படிப்பை வேலையோடு நேரடியாகக் கட்டிப்போட்டது 1844-இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் பிறப்பித்த ஆணைதான். அரசுப் பணிகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்றது அது. அன்றிலிருந்து இங்கே ஆங்கிலம் படிப்பது என்றால் தேர்வெழுதி வேலைக்குப் போவது என்று பொருளாகிவிட்டது. அந்தப் பொருள் இன்றும் பெரிதாக மாறவில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் நடந்தது இன்னும் சுவையானது. 1853-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியக் குடிமைப் பணிக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. தேர்வுக்கான பாடங்களை வகுத்த குழுவுக்கு மெக்காலேயே தலைவர். 1854-இல் அக்குழு கொடுத்த திட்டத்தில் மொத்த மதிப்பெண் 6875. அதில் ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1500. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375தான். 1855-இல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது.

இதே காலத்தில் ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் ஒரு பட்டப் பாடமாகவே இல்லை. அங்கே அதற்கெனத் தனிப் பிரிவு உருவானது 1894-இல். கேம்பிரிட்ஜில் 1917-இல். இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்கள், தாய்மொழி இலக்கியத்தை ஒரு கனவான் தானாகப் படித்துக்கொள்வான், அதற்குத் தேர்வு எதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் மாணவர்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் மனப்பாடம் செய்து தேர்வெழுதிக்கொண்டிருந்தார்கள். கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு நூல், ஆங்கில இலக்கியம் ஒரு கல்விப் பாடமாக நிலைபெற்றது இங்கிலாந்துக்கு முன் இந்தியாவில்தான் என்று சான்றுகளோடு விளக்கியது. ஆங்கில இலக்கியத்தைத் தேர்வுக்காகப் படிக்க நேர்ந்ததே என்று வருந்துகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல். அந்தப் பாடம் இங்கே வேரூன்றியதே அப்படித்தான்.

சென்னையில் 1841-இல் அரசு உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே வளர்ந்து மாநிலக் கல்லூரியானது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1856-இல் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்: சி. வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைக் குருமடத்தில் படித்தவர்கள். தாமோதரம் பிள்ளையை நாம் இன்று நினைப்பது அவருடைய பட்டத்துக்காக அல்ல. கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சில் ஏற்றியவர் என்பதற்காக.

அந்தக் காலத் தேர்வில் ஒரு செய்யுள் வரியைக் கொடுத்து இடம் சுட்டி விளக்கச் சொல்வார்கள். கட்டுரை எழுதச் சொல்வார்கள். பால்கிரேவ் 1861-இல் தொகுத்த கவிதைத் திரட்டு கல்லூரிகளில் நெடுங்காலம் பாடமாக இருந்தது. விளக்கக் குறிப்புகள் அச்சாகி விற்கத் தொடங்கின. 'பஜார் நோட்ஸ்' என்ற சொல்லும் கூடவே வந்தது. நன்றாகச் சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர், லியர் மன்னன் நாடகத்தை இந்திய அரசியலோடு பொருத்திப் பார்த்து ஒரு நூலே எழுதினார். லியர் நாடகத்தில் எத்தனை அங்கங்கள் என்று கேட்கும் கேள்விக்கும் அந்த வாசிப்புக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

இந்தத் தேர்வு யாரையெல்லாம் வெளியே தள்ளியது என்பதும் வரலாற்றின் பகுதியே. 1904-இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ஒரு மாணவர், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தார். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். ஆர். கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல்முறை தோற்றவர். பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியராகப் போய்ச் சில நாட்களிலேயே திரும்பிவிட்டார். 1945-இல் அவர் எழுதிய நாவலின் தலைப்பு 'தி இங்கிலீஷ் டீச்சர்'. இன்று இந்திய ஆங்கில இலக்கியப் பகுதிக்குப் படிக்கிறவர் தவறாமல் படிக்கும் நாவல்களுள் அதுவும் ஒன்று.

இந்திய ஆங்கில இலக்கியம் என்ற பகுதியே பிந்தியது. இந்தியர் ஆங்கிலத்தில் எழுதியவை பாடமாகத் தகுமா என்ற ஐயம் கல்லூரிகளில் நெடுநாள் இருந்தது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கே. ஆர். சீனிவாச ஐயங்கார் 1962-இல் வெளியிட்ட பெரிய வரலாற்று நூல் அந்த ஐயத்தைக் குறைத்தது.

நெஸ்ஃபீல்டும் ரென்னும்

இலக்கணப் பகுதியின் கதை வேறு. ஆங்கில இலக்கணம் லத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்க்கப்பட்டது. 1795-இல் வந்த லிண்ட்லி மர்ரேயின் நூல் அந்த அச்சைப் பரப்பியது. இந்தியாவுக்கென்று எழுதப்பட்டவற்றில் முதலில் ஓங்கியது நெஸ்ஃபீல்டின் வரிசை. அவர் வட இந்தியாவில் கல்வித் துறை அதிகாரியாக இருந்தவர். 1930-களில் ரென், மார்ட்டின் இருவரின் பெயரில் வந்த நூல் அதன் இடத்தைப் பிடித்தது. பி. சி. ரென் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவர். பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றினார். நாவல் மறந்துபோயிற்று, இலக்கணம் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குதல், நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குதல், தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாக்குதல் என்ற பயிற்சிகள் எல்லாம் இந்த நூல்களின் கொடை. ஆனால் தமிழ் பேசுகிறவர் எங்கே தவறுவார் என்று இவை தனியாக யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரி அமைந்திருக்கும்.

தமிழில் 'இல்லையா' என்ற ஒரே சொல் எல்லா வாக்கியத்துக்கும் வாலாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் வினைக்கும் எழுவாய்க்கும் ஏற்ப வால் மாறும். ஆகவே வினாவால் கேள்வி நமக்குக் கடினம். 'ஏ', 'தி' என்ற சுட்டுச் சொற்களுக்கு நேர் இணை தமிழில் இல்லை. 'ஒரு', 'அந்த' இரண்டும் பாதி வேலையைத்தான் செய்யும். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் வரும், ஒரே உருபுக்கு ஏழெட்டு மாற்றுகளும் இருக்கும். 'பஸ்ஸில்', 'வீட்டில்', 'திங்கட்கிழமையில்' மூன்றிலும் நமக்கு 'இல்' போதும். அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல் வேண்டும். 'நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்' என்பது தமிழில் உறுத்தாது. அதை அப்படியே 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று எழுதினால் தவறு, ஏனென்றால் முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல்லோடு அந்தக் காலவடிவம் சேராது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பிழை திருத்தும் கேள்விகளுக்கு இந்த நான்கைந்து இடங்களில் ஒரு மாதம் உழைத்தால் கிடைக்கும் பயன், முழு இலக்கண நூலையும் முதலிலிருந்து புரட்டுவதில் கிடைக்காது என்பது என் கருத்து.

பனிப்பந்து

விடுதலைக்குப் பிறகு கேள்வி திரும்பியது. யாருக்கு எந்த ஆங்கிலம்? ஆங்கிலத்தைக் கற்பிப்பது தனித் துறை என்ற எண்ணம் வலுத்து, 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் அமைந்தது. அதையொட்டிச் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது திட்டம். அத்தனை பேரை ஒரே இடத்தில் பயிற்ற முடியாது. ஆகவே சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அவர்கள் மேலும் பலருக்கு என்று உருண்டு பெருகும் முறை. அதற்குப் 'பனிப்பந்து' என்று பெயர் வந்தது. பனியே விழாத ஊரில் இந்தப் பெயர்! வாக்கிய அமைப்புகளை வாய்மொழியாகத் திரும்பத் திரும்பப் பயிற்றும் முறையை அது பரப்பியது.

அந்த முறையில் படித்த பிள்ளைகள் வாக்கியத்தைச் சரியாகச் சொன்னார்கள், ஆனால் சொந்தமாகப் பேசத் தடுமாறினார்கள். இதைக் கவனித்தவர்களில் என். எஸ். பிரபு ஒருவர். பெங்களூர், சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை அவர் குழு ஒரு சோதனை செய்தது. இலக்கணம் சொல்லாமல், ரயில் நேர அட்டவணையைப் பார்த்து விடை சொல்வது போன்ற பணிகளைக் கொடுத்தார்கள். பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானே அமையும் என்பது கருத்து. 'பெங்களூர்த் திட்டம்' என்று உலகெங்கும் பேசப்பட்ட இதைக் கற்பித்தல் முறைப் பகுதியில் வெறும் பெயராக மனப்பாடம் செய்கிறவர்களில் பலருக்கு, இது நம் ஊர்ப் பள்ளிகளில் நடந்தது என்பது தெரியாது.

மூப்பு, வெயிட்டேஜ், தகுதி

ஆசிரியர் தேர்வு வாரியம் 1987-இல் அமைந்தது. ஆனாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு பல காலம் வழக்கில் இருந்தது. பதிவு அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே நாற்பது வயதைத் தாண்டியவர்களை எல்லா ஊரிலும் காணலாம். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குத் தகுதித் தேர்வு கட்டாயமானது. 2012 ஜூலையில் தமிழகத்தின் முதல் 'டெட்' நடந்தபோது 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரமே கொடுத்தார்கள். தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்த வேண்டியதாயிற்று.

இந்தத் தேர்வின் இரண்டாம் தாளில் ஆங்கிலப் பட்டதாரிக்கு ஆங்கிலம் 30 கேள்விதான். 60 கேள்விகளைக் கணக்கு-அறிவியலிலோ சமூக அறிவியலிலோ எழுத வேண்டும். கீட்ஸையும் ஷெல்லியையும் முதுகலை வரை படித்தவர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் மண் வகைகளைத் தேடிப் படிக்கும் காட்சி இதனால்தான். பிறகு வெயிட்டேஜ் முறை வந்தது. தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கும் பி.எட்.டுக்கும் தலா 15. மதிப்பெண் தாராளமாகக் கிடைக்காத பழைய காலத்தில் பிளஸ் டூ முடித்தவர்களை இது பின்னுக்குத் தள்ளியது. அவர்களின் மனக்குறை நியாயமானது. 2018-இல் தகுதித் தேர்வுக்குப் பின் தனியாக ஒரு நியமனத் தேர்வும் வேண்டும் என்று அரசாணை 149 சொன்னது. 2013-இல் தேறியவர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள்.

படிக்கிறவர் கையில்

கட்டுரை வினா போய், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா வந்ததும் படிக்கும் முறை மாறியது. யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்தப் பாத்திரம் சொன்னது என்று பட்டியல்களாகப் படிக்கிறார்கள். பட்டியல் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டியலுக்கு முன் எலும்புக்கூடு வேண்டும். இலக்கியக் காலப்பிரிவுகள் ஏன் 1660-இலும் 1798-இலும் 1832-இலும் உடைகின்றன என்று கேட்டுப் பாருங்கள். 1660-இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார், மூடிக்கிடந்த நாடக அரங்குகள் திறந்தன. 1798-இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து கவிதைத் தொகுதி வெளியிட்டார்கள். 1832-இல் வாக்குரிமைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, அதே ஆண்டில் வால்டர் ஸ்காட் இறந்தார். இந்த மூன்று ஆணிகளை அடித்துவிட்டால் நூறு பெயர்களைத் தொங்கவிடலாம். டிரைடன் எந்தப் பக்கம், பிளேக் எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது.

நாடகங்களைச் சுருக்கத்தில் படிப்பது நேரத்தைச் சேமிக்கும். ஆனால் ஒரு வரியைக் கொடுத்து யார் யாரிடம் சொன்னது என்று கேட்கும்போது சுருக்கம் கைகொடுக்காது. பாடத்திட்டத்தில் பெயர் சொல்லியுள்ள நாடகங்களை மட்டுமாவது முழுதாக ஒருமுறை வாசிப்பது நல்லது. பகலில் தனியார் பள்ளியில் வேலை, இரவில் படிப்பு என்றிருப்பவருக்கு இது எளிதல்ல. பஸ்ஸில் போகும்போது ஒரு காட்சி என்று பிரித்துக்கொண்டு முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. தேர்வு முடிந்ததும் வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். அதில் தவறு இருப்பதாக நினைப்பவர்கள் குறித்த நாளுக்குள் ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒரே ஒரு மதிப்பெண்ணில் பணி நழுவும் போட்டியில் இது சிறிய விஷயம் இல்லை. ஆனால் ஆதாரமாகக் கைடுகளையும் பயிற்சி மையக் குறிப்புகளையும் ஏற்க மாட்டார்கள். மூல நூலையோ தரமான பாடநூலையோ பக்கத்தோடு காட்ட வேண்டும்.