இடம் கிடைத்த பின்: கரிசல் நிலத்து ஆய்வு மாணவர்களும் கருப்பினப் பல்கலைக்கழகங்களின் பாடமும்

ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர் பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவது ஒரு போராட்டம். இடம் பெற்ற பின் அங்கே ஆய்வாளராக வளர்வது மற்றொரு போராட்டம். முதலாவதைப் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. இரண்டாவதைப் பற்றி, குறிப்பாக முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் செல்லும் தலித் மாணவரின் அனுபவத்தைப் பற்றி, நாம் பேசியது குறைவு. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் நிலத்தை முன்வைத்து இக்கட்டுரை அதைப் பேசுகிறது. ஒப்பீட்டுக்காக, அமெரிக்கக் கருப்பின மக்களுக்கென எழுந்த பல்கலைக்கழகங்களையும், அம்பேத்கர் அவுரங்காபாத்தில் நிறுவிய மிலிந்த் கல்லூரியையும் எடுத்துக்கொள்கிறோம்.

கரிசலிலிருந்து பல்கலைக்கழகம் வரை

கரிசல் மானாவாரி நிலம். பருத்தி, உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைகின்றன. மழை தவறினால் தீப்பெட்டி ஆலையும் நூற்பாலையும் கட்டட வேலையுமே கூலி தருவன. கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் பள்ளிப் பருவம் கரைந்தது. இந்நிலத்தின் நிலமற்ற உழைப்பாளர்களில் பெரும்பங்கினர் பள்ளர், பறையர், அருந்ததியர் சமூகத்தினர். ஆகவே இங்கிருந்து ஆய்வுப் படிப்புக்குச் செல்லும் தலித் மாணவர் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரி. முனைவர் பட்டம் என்றால் என்ன, அது எத்தனை ஆண்டு, அதுவரை குடும்பத்துக்கு யார் சம்பாதிப்பது என்ற கேள்விகளுக்கு வீட்டில் விடை சொல்ல ஆளில்லை.

உயர்கல்வி இந்நிலத்துக்குத் தாமதமாகவே வந்தது. கோவில்பட்டியில் கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி 1966இல் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் எழுந்ததும் அதே ஆண்டில்தான். திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் அமைந்தது. அதாவது, இவ்வட்டாரத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் உருவாகி இன்னும் நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

படிப்பு இங்கே பகையையும் ஈட்டியது. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் பகுதியிலுள்ள கொடியங்குளத்தில் காவல்துறையினர் புகுந்து வீடுகளைச் சூறையாடினர். படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் தீயிலிடப்பட்டன என்று அக்காலச் செய்தி ஏடுகள் பதிவு செய்தன. வெளிநாட்டு வேலையாலும் கல்வியாலும் ஓரளவு தலைநிமிர்ந்த தலித் ஊர் அது. அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்பதைத் தாக்கியவர்கள் அறிந்தே இருந்தனர்.

கருப்பினப் பல்கலைக்கழகம் என்பது யாது?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், விடுதலை பெற்ற கருப்பின மக்களுக்கெனக் கல்லூரிகள் எழுந்தன. நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் 1866இலும், வாஷிங்டனில் ஹோவர்டு 1867இலும் தொடங்கப்பட்டன. கருப்பின மக்களின் கல்வியை முதன்மை நோக்காகக் கொண்டு 1964க்கு முன் நிறுவப்பட்டவற்றை ‘வரலாற்றுவழிக் கருப்பின நிறுவனங்கள்’ என 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வரையறுக்கிறது. இன்று அவை ஏறத்தாழ நூறு. அவற்றில் பிற இனத்தவரும் பயில்கின்றனர்.

இளங்கலைக்கு வழி பிறந்த வேகத்தில் ஆய்வுப் படிப்புக்கு வழி பிறக்கவில்லை. ஹோவர்டு தன் முதல் முனைவர் பட்டத்தை வழங்கியது 1958இல்தான். அதற்கு முன் மேற்படிப்பு வேண்டிய கருப்பின மாணவரை, தென்மாநிலங்கள் சில, பணம் கொடுத்து வேற்று மாநிலத்துக்கு அனுப்பின. தம் பல்கலைக்கழகத்தில் அவரைச் சேர்க்காமல் இருப்பதற்கு அதுவே வழி. மிசௌரி மாநிலத்தின் இவ்வேற்பாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938இல் லாயிட் கெயின்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

கதவு திறந்த பின் நடந்ததை அறிய ஜார்ஜ் மெக்லாரின் வழக்கைப் படிக்க வேண்டும். மூத்த கல்வியாளரான அவர் 1948இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முனைவர் படிப்பில் சேர்க்கப்பட்டார். ஆனால் வகுப்பறையை ஒட்டிய தனி இடுக்கில் அவருக்கு இருக்கை போடப்பட்டது. நூலகத்தில் தனி மேசை. உணவகத்திலும் தனி மேசை, தனி நேரம். அதே ஆசிரியர், அதே பாடம், அதே நூல்கள்தாம். எனினும் சக மாணவரோடு விவாதித்துக் கருத்துப் பரிமாறும் வாய்ப்பை இழந்தவர் தம் துறையைக் கற்க இயலாது என்று 1950இல் உச்ச நீதிமன்றம் கூறி அத்தடைகளை நீக்கியது. உயர்கல்வி என்பது பாடம் கேட்பது மட்டுமன்று, ஓர் அறிவுச் சமூகத்தில் உறுப்பினராவது என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

சொந்த நிறுவனம் தந்தவை

மெக்லாரினுக்கு மறுக்கப்பட்ட அந்த உறுப்பினர் தகுதியைத்தான் கருப்பினப் பல்கலைக்கழகம் தன் மாணவருக்கு இயல்பாக வழங்கியது. ஹோவர்டு சட்டப் பள்ளி இதற்குச் சிறந்த சான்று. 1929 முதல் அதை வழிநடத்திய சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், இனப் பாகுபாட்டை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழக்கறிஞர்களை உருவாக்குவதையே அப்பள்ளியின் பணியாகக் கொண்டார். மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி கருப்பினத்தவருக்குக் கதவடைத்திருந்த காலத்தில், அம்மாநிலத்தவரான தர்குட் மார்ஷல் ஹோவர்டில் பயின்று 1933இல் முதல் மாணவராகத் தேறினார். பின்னர் ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து அதே மேரிலாந்துக் கல்லூரியின் கதவை வழக்காடித் திறந்தனர். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் வாதாடியவர் மார்ஷல்தான்.

மாணவரின் திறனை ஐயுறாத ஆசிரியர், முன்சென்றவரைக் கண்முன் காணும் வாய்ப்பு, தம் மக்களின் துயரை ஆய்வுப்பொருளாக எடுக்கத் தயங்க வேண்டாத சூழல் ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்தன.

அதற்காக அவற்றைக் குறையற்ற உலகமாகக் காட்டுவது பொருந்தாது. ஹோவர்டு சட்டப் பள்ளியில் தம் வகுப்பின் ஒரே பெண்ணாக இருந்த பாலி முர்ரே, இன ஒடுக்குமுறையை எதிர்த்த ஆண்களிடமே ஆணாதிக்கத்தை எதிர்கொண்டார். 1944இல் முதல் மாணவியாகத் தேறினார். பணப் பற்றாக்குறையும் தீரவில்லை. நிலக்கொடைத் திட்டத்தின்கீழ் வரும் கருப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு 16 மாநிலங்கள் மூன்று பத்தாண்டுகளில் 1,200 கோடி டாலருக்கும் மேல் குறைத்து வழங்கின என்று அமெரிக்க ஒன்றிய அரசே 2023இல் அம்மாநில ஆளுநர்களுக்கு எழுதியது.

மற்றொரு கரிசல் நிலம்: மிலிந்த்

இந்தியாவில் இத்தகைய முயற்சியை அம்பேத்கர் மேற்கொண்டார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியையும், 1950இல் அவுரங்காபாத்தில் பின்னர் மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரியையும் தொடங்கினார். மராத்வாடாவும் கோவில்பட்டியைப் போலவே கரிசல் மண்ணும் வறட்சியும் பருத்தியும் கொண்ட நிலம். அதுவரை கல்லூரியே அரிதாயிருந்த அந்நிலத்தின் தலித் குடும்பங்களிலிருந்து முதல் பட்டதாரிகள் மிலிந்தில் உருவாயினர். அமெரிக்காவில் உயர்படிப்பை முடித்துத் திரும்பிய ம. நா. வான்கடே, கருப்பின இலக்கியத்தை அங்கே அறிமுகப்படுத்தினார். பேராசிரியர் கங்காதர் பாந்தாவணேயின் ‘அஸ்மிதாதர்ஷ்’ இதழும் அச்சூழலில் வளர்ந்ததே. 1972இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் இயக்கம் கருப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தழுவியது தற்செயலன்று. அம்பேத்கரே 1946இல் கருப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கருப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டிருந்தார்.

மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978இல் சட்டமன்றம் தீர்மானித்தபோது தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. பெயர் சூட்டப்பட்டது 1994 ஜனவரி 14 அன்றுதான்.

தமிழ்நாட்டில் நம் முன்னோரின் முயற்சிகள் பள்ளி, விடுதி என்ற படிகளில் நின்றன. சென்னையில் 1894இல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் பள்ளியும், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916இல் நிறுவிய நந்தனார் கல்விக் கழகமும் அவ்வழியின் பெருமுயற்சிகள். அரசின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் அதன் தொடர்ச்சி. ஆய்வுப் படிப்பு வரை ஏறிய சொந்த நிறுவனம் நமக்கு வாய்க்கவில்லை. எனவே கரிசல் நிலத்து தலித் மாணவர் ஒவ்வொருவரும், பிறர் ஆளும் துறைக்குள் தனி ஆளாகவே நுழைகிறார்.

நம் பல்கலைக்கழகங்களில் தனி இருக்கை

இன்று எவரும் தனி மேசை போடுவதில்லை. பிரிக்கும் வழிகள் வேறு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியை ஆராய்ந்த தோரட் குழு, பட்டியலின மாணவர்கள் துன்புறுத்தலால் விடுதியின் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்கியதை 2007இல் பதிவு செய்தது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அமைத்த அப்துல் நஃபே குழு, ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் இடையே இடஒதுக்கீட்டு மாணவருக்குப் பாதகமான வேறுபாடு தொடர்ந்து காணப்படுவதை 2016இல் சுட்டியது. நேர்காணலின் பங்கை 30இலிருந்து 15 மதிப்பெண்ணாகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. ஆயினும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, தாமே நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களில் நேர்காணலுக்கு 30 விழுக்காடு எடை தொடர்கிறது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவருள் ஒருவரான ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரிழந்தார். ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் சமத்துவம் மறுக்கப்படுவதைக் கண்டித்து எழுதிவந்த சேலத்து மாணவர் முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச் மாதம் டெல்லியில் உயிரிழந்தார். இருவரும் பல்கலைக்கழகத்துள் இடம் பெற்றவர்களே.

ஆய்வு மாணவரின் வாழ்வு நெறியாளரின் கையெழுத்தைச் சார்ந்தது. பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்க இயலும். காலியிடம் குறையும்போது தேர்ந்தெடுப்பவரின் விருப்பம் வலுப்பெறுகிறது. வருகைச் சான்று, முன்னேற்ற அறிக்கை, உதவித்தொகைப் பரிந்துரை அனைத்தும் அவ்வழியே செல்கின்றன. சாதி வேற்றுமை இங்கே வசைச்சொல்லாக வெளிப்பட வேண்டியதில்லை. ஒரு கோப்பைத் தாமதப்படுத்தினாலே போதும்.

அந்தத் தாமதம் கூலிக் குடும்பத்து மாணவரை மற்றவரைவிட விரைவில் வீழ்த்துகிறது. பட்டியலினத்தவருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை 2005-06இல் தொடங்கியது. இளநிலை ஆய்வாளருக்கு மாதம் ரூ.37,000 என்பது 2023 முதல் நடைமுறையிலுள்ள தொகை. தமிழ்நாடு அரசு முழுநேர முனைவர் பட்ட மாணவருக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வழங்குகிறது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெருந்தொகையினராக உள்ள கிறித்தவ ஆதிதிராவிடர் மாநில உதவித்தொகைக்கு உரியவர். ஒன்றிய அரசின் பட்டியலின உதவித்தொகைக்கு உரியவரல்லர். வெளிநாட்டுப் படிப்புக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகையோ, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளை 2022 முதல் விலக்கிவிட்டது. சாதியை ஆராய விரும்பும் தலித் மாணவருக்கு அவ்வழி அடைபட்டது.

நாம் கட்டவேண்டியவை

கோவில்பட்டியில் ஒரு ஹோவர்டை உடனே எழுப்ப இயலாது. ஆனால் அது தந்தவற்றை இருக்கும் நிறுவனங்களுக்குள் உருவாக்க இயலும்.

முதலாவது, முன்சென்றவரும் பின்வருபவரும் இணையும் சங்கிலி. ஆய்வு முடித்தவர் தம் ஊர் விடுதி மாணவரைச் சந்தித்து, தகுதித் தேர்வு, ஆய்வு முன்மொழிவு, நேர்காணல் ஆகியவற்றுக்குப் பயிற்றுவிக்க வேண்டும். 2025இல் ‘சமூகநீதி விடுதிகள்’ எனப் பெயர் மாறிய அரசு விடுதிகளில் இதற்கு இடம் கேட்பது நியாயமான கோரிக்கை. இச்சங்கிலியில் பெண்களுக்கும், 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு பெற்ற அருந்ததியருக்கும் சம இடம் இல்லையெனில், பாலி முர்ரே கண்ட குறையையே நாமும் செய்வோம்.

இரண்டாவது, விதிகளைப் பயன்படுத்துதல். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்பது மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதி. 2026 ஜனவரியில் வெளியான புதிய விதிகளுக்கு உச்ச நீதிமன்றம் அம்மாதம் 29 அன்று இடைக்காலத் தடை விதித்து, 2012ஆம் ஆண்டு விதிகளே தொடரும் என்றது. அந்த அலுவலர் யார் என்று எழுத்து மூலம் கேட்பதே தொடக்கம். சேர்க்கையில் எழுத்துத் தேர்வு, நேர்காணல் மதிப்பெண்களைப் பிரிவுவாரியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். நஃபே குழு செய்த ஒப்பீட்டை எந்த மாணவர் அமைப்பும் செய்ய இயலும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் குறித்த முறையீட்டுக்கு, 2021இல் அமைந்த தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் உள்ளது.

மூன்றாவது, ஆய்வுப்பொருள். கரிசல் இலக்கியம் பல்கலைக்கழகங்களில் மிகுதியாக ஆராயப்படும் துறை. பூமணியின் ‘பிறகு’ நாவல் இவ்வட்டாரத்துச் சக்கிலியர் வாழ்வை 1979லேயே எழுதியது. அதே நிலத்தின் தீப்பெட்டி ஆலைக் கூலியும், பஞ்சமி நிலமும், கொடியங்குளமும் ஆய்வேடுகளாக வேண்டும். அவற்றை எழுதும் தகுதி அந்நிலத்தின் பிள்ளைகளுக்கு உண்டு. அவர்களை ஏற்கும் நெறியாளர்கள் வேண்டும். ஆசிரியர் பணியிடங்களில் நிரப்பப்படாத பட்டியலின இடங்களை நிரப்பக் கோருவதும், ஆய்வு மாணவர் உரிமைக்காகக் குரல் கொடுப்பதும் ஒரே போராட்டத்தின் இரு பகுதிகள். வரும் கல்வியாண்டின் ஆய்வுச் சேர்க்கை அறிவிப்பு வெளியாகும் முன்பே, நம் வட்டார மாணவர் அமைப்புகள் இவ்விரண்டையும் ஒரே மனுவில் எழுதி அளிக்க வேண்டும்.