தேனீக் கூடுகளின் குளிர்காலப் பாதுகாப்பு வரலாறு

குளிர் மிகுந்த நாடுகளில் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீக் குடும்பங்களைப் பசி, ஈரம், எதிரிகள், நோய் ஆகியவற்றிலிருந்து காத்து வசந்த காலம் வரை உயிருடன் வைத்திருக்கும் முறைகள் குளிர்காலப் பாதுகாப்பு எனப்படுகின்றன. இன்று இது தேனீ வளர்ப்பின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. ஆனால் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவின் பல பகுதிகளில் கூடுகளில் ஒரு பங்கைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே கொன்றுவிடுவது வழக்கமாக இருந்தது. அவ்வழக்கம் மறைந்ததும், இருபதாம் நூற்றாண்டில் வேறு வடிவில் திரும்பியதும், மீண்டும் கைவிடப்பட்டதும் இவ்வரலாற்றின் முக்கியக் கட்டங்கள் ஆகும்.

குளிரில் தேனீக்களின் வாழ்க்கை

ஐரோப்பாவின் சமூகக் குளவிகளில் இராணி மட்டுமே குளிர்காலத்தைக் கடக்கும். தேனீக்களில் ஆண் தேனீக்கள் இலையுதிர் காலத்தில் விரட்டப்பட்டபின், இராணியும் ஆயிரக்கணக்கான பணித் தேனீக்களும் சேர்ந்தே குளிரைக் கடக்கின்றன. அவை உறங்குவதில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது அடைகளின் மேல் பந்துபோலத் திரள்கின்றன. உள்ளே இருப்பவை சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை அதிரச் செய்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. வெளியே இருப்பவை நெருங்கி நின்று அவ்வெப்பம் வீணாகாமல் காக்கின்றன.

இவ்வெப்பத்துக்கு எரிபொருள் தேன். பிரிட்டனில் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 18 கிலோ தேனும், கனடாவின் சமவெளிகளில் 30 கிலோவுக்கு மேலும் தேவைப்படும். தேன் செரிக்கும்போது நீராவி உண்டாகிறது. அது கூட்டின் குளிர்ந்த மேற்புறத்தில் நீராகப் படிந்து திரளின் மேல் சொட்டினால் தேனீக்கள் விறைத்து இறக்கும். எனவே நலமாக உள்ள குடும்பம் உலர்ந்த இடத்தில் கடுங்குளிரையும் தாங்கும். பசியும் ஈரமும் சேர்ந்தால் மிதமான குளிரிலும் அழியும்.

வைக்கோல் கூடுகளின் காலம்

மேற்கு ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, வைக்கோற்புரியைச் சுற்றித் தைத்த கவிழ்த்த கூடை வடிவக் கூடுகள் பரவலாக இருந்தன. மழை புகாதிருக்க இவற்றின் மேல் சாணமும் சுண்ணாம்பும் கலந்து பூசினர். வைக்கோல் தொப்பியும் கவிழ்த்தனர். பிரிட்டனின் பழைய தோட்டச் சுவர்களில் கூடுகளை வைப்பதற்காக, பெரும்பாலும் தெற்கு அல்லது தென்கிழக்கு நோக்கிக் கட்டப்பட்ட மாடங்களை இன்றும் காணலாம்.

இக்கூடுகளில் அடைகள் சுவரோடு ஒட்டியிருந்ததால், கூட்டைச் சிதைக்காமல் தேனை முழுமையாக எடுக்க இயலவில்லை. உள்ளே எவ்வளவு தேன் உள்ளது என்று பார்க்கவும் வழியில்லை. தூக்கிப் பார்த்து எடையைக் கொண்டே மதிப்பிட்டனர். மிகக் கனமானவை தேனுக்காகக் கொல்லப்பட்டன. மிக இலேசானவை எப்படியும் குளிர்காலத்தில் பட்டினியால் இறக்கும் என்பதால் கொல்லப்பட்டன. நடுத்தர எடையுள்ளவை மட்டும் அடுத்த ஆண்டுக்காக விட்டுவைக்கப்பட்டன. சிறு குழி தோண்டி, கந்தகம் தோய்த்த துணியை அதில் எரித்து, கூட்டை அதன் மேல் வைத்து மூடுவது கொல்லும் முறையாகும்.

கூட்டைத் தட்டி, தேனீக்களை வேறொரு வெறுங்கூட்டுக்குள் ஏறச் செய்யும் முறையும் அறியப்பட்டிருந்தது. ஆனால் இலையுதிர் காலத்தில் உணவின்றி வெளியேற்றப்பட்ட தேனீக்கள் குளிரைக் கடக்க மாட்டா. கொலையைத் தவிர்க்கும் வழிகளை முன்வைத்தவர்களுள் தாமசு வைல்டுமன் ஒருவர். 1768 இல் இலண்டனில் வெளியான தம் நூலில், கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்கூட்டின் தேனை மட்டும் எடுக்கும் முறையை அவர் விளக்கினார். எனினும் கந்தகக் குழி அடுத்த நூற்றாண்டிலும் நீடித்தது.

அசையும் சட்டங்கள்

அடைகளைத் தனித்தனியே வெளியே எடுக்கக்கூடிய கூடுகளே இந்நிலையை மாற்றின. உக்ரைனில் பெட்ரோ புரோகோப்போவிச் 1814 இல் சட்டங்கள் கொண்ட கூட்டை உருவாக்கினார். அமெரிக்கப் போதகரான இலாரன்சோ இலாங்சுட்ராத், 1851 இல் தேனீக்கள் மெழுகாலோ பிசினாலோ அடைக்காமல் விடும் இடைவெளியின் பயனை உணர்ந்தார். ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான இது ‘தேனீ இடைவெளி’ எனப்படுகிறது. இதன் அடிப்படையில் அவர் அமைத்த பெட்டிக்கு 1852 இல் காப்புரிமை பெற்றார்.

இப்பெட்டியால் இலையுதிர் காலத்திலேயே ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் பார்க்க முடிந்தது. தேன் நிறைந்த அடையைப் பசியால் வாடும் குடும்பத்துக்கு மாற்றலாம். நலிந்த இரு குடும்பங்களை ஒன்றாக்கலாம். இராணி இருக்கிறதா என அறியலாம். 1865 இல் பிரான்சு உருசுக்கா அறிமுகப்படுத்திய சுழல் கருவியால் அடை சிதையாமல் தேன் எடுக்க இயன்றது. பீட்ரூட் சர்க்கரை மலிவானபின், எடுத்த தேனுக்கு ஈடாகச் சர்க்கரைப் பாகு கொடுப்பதும் எளிதாயிற்று. கனமான கூட்டையும் இலேசான கூட்டையும் கொல்வதற்கு இருந்த காரணங்கள் இவ்வாறு ஒருசேர நீங்கின.

நிலவறைகளும் பொதியலும்

உருசியா, உக்ரைன் பகுதிகளில் ‘ஓம்சானிக்’ எனப்படும், பாதி மண்ணுக்குள் அமைந்த அறைகளில் கூடுகள் வைக்கப்பட்டன. மரக்கட்டைகளின் இடுக்குகளில் பாசி அடைக்கப்பட்டதால் இப்பெயர் வந்தது. வட அமெரிக்காவின் வடபகுதிகளிலும் நிலவறைகள் பயன்பட்டன. மற்றவர்கள் பெட்டிகளை வெளியிலேயே வைத்து, மரத்தூள், வைக்கோல், தார்த்தாள் ஆகியவற்றால் பொதிந்தனர்.

எம்முறை சிறந்தது என்ற விவாதத்துக்கு ஆய்வின் துணை கிடைத்தது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பிலிப்சு, டெமுத் ஆகியோர் கூட்டுக்குள் மின் வெப்பமானிகளைப் பொருத்தி, குளிர்காலத் திரளின் வெப்பநிலையை அளந்து 1914 இல் வெளியிட்டனர். வெளிக்குளிர் கூடும்போது திரளுக்குள் வெப்ப உற்பத்தியும் கூடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

கனடாவில் திரும்பிய வழக்கம்

இருபதாம் நூற்றாண்டில் கனடாவின் ஆல்பர்ட்டா, சசுகாச்சுவான், மானிட்டோபா சமவெளிகளில் பழைய கணக்கே மீண்டும் தலைதூக்கியது. குளிர்காலத்துக்கு விட்டுவைக்கும் தேனின் விலையைவிட, வசந்தத்தில் அமெரிக்காவிலிருந்து வாங்கும் தேனீப் பொதியின் விலை குறைவாக இருந்தது. கம்பிவலைப் பெட்டியில் ஓர் இராணியுடன் ஏறத்தாழ ஒரு கிலோ தேனீக்களை அடைத்து அனுப்புவதே பொதி எனப்படும். எனவே பலர் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தேன் முழுவதையும் எடுத்துக்கொண்டு, சயனைடு வாயுவால் தேனீக்களைக் கொன்றனர்.

அமெரிக்காவில் மூச்சுக்குழல் உண்ணி 1984 இலும், வரோவா உண்ணி 1987 இலும் கண்டறியப்பட்டன. 1987 இல் கனடா தன் எல்லையை அமெரிக்கத் தேனீக்களுக்கு மூடியது. பொதிகள் நின்றதும், தேனீக்களை உயிருடன் குளிர்காலம் கடத்தும் கலையைச் சமவெளி மக்கள் மீண்டும் பெருமளவில் கைக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று அங்கு, காப்புறையிட்டு வெளியே வைப்பதோடு, ஏறத்தாழ 5 பாகை செல்சியசில் காற்றோட்டத்துடன் இருட்டாக வைக்கப்படும் பெரிய கூடங்களும் பயன்படுகின்றன. தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு புலப்படாததால் அங்கு வேலை செய்வோர் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகின்றனர்.

வரோவாவும் இன்றைய நிலையும்

வரோவா உண்ணி இயல்பாக ஆசியத் தேனீயைச் சார்ந்து வாழ்வது. ஐரோப்பியத் தேனீக்கள் ஆசியாவுக்குக் கொண்டுவரப்பட்டபின் அவற்றுக்கும் தொற்றியது. கோடையில் சில வாரங்களே வாழும் பணித் தேனீ, இலையுதிர் காலத்தில் பிறந்தால் ஆறு மாதம் வரை வாழும். உண்ணியும் அது பரப்பும் நச்சுயிரிகளும் இந்த ஆயுளையே குறைக்கின்றன. அதனால் பெட்டி நிறையத் தேன் இருந்தும் குடும்பம் அழியக்கூடும். கோடையின் இறுதியிலேயே உண்ணியைக் கட்டுப்படுத்துவது குளிர்காலப் பாதுகாப்பின் முதற்பணியானது இதனாலேயே.

இதனுடன் போதிய உணவு தருதல், வாயிலைக் குறுக்கி எலிகளைத் தடுத்தல், மரங்கொத்திகள் துளையிடாதபடி கம்பிவலை சுற்றுதல், ஈரக்காற்று வெளியேற வழிவிடுதல் ஆகியவையும் பின்பற்றப்படுகின்றன. இப்பணிகள் அனைத்தும் பனி விழுவதற்கு முன்பே முடிக்கப்பட வேண்டியவை. எந்தக் கூட்டைக் கொல்வது என்று முடிவு செய்யக் கூடுகளைத் தூக்கிப் பார்த்த அதே பருவத்தில், எந்தக் கூட்டுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அறியவே வளர்ப்போர் இன்று பெட்டிகளைத் தூக்கிப் பார்க்கின்றனர்.