ஹேடோர்: கல்லால் ஆன தண்டவாளம்

தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தின் நடுவே டார்ட்மூர் என்னும் பரந்த மேட்டுநிலம். மரங்கள் அரிது, புல்லும் முட்புதரும் காற்றும்தான். அங்கே குன்றுகளின் உச்சியில் துருத்தி நிற்கும் கருங்கல் பாறைகளை 'டோர்' என்பார்கள். 457 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹேடோர் அவற்றுள் பெயர்பெற்றது. சாலையிலிருந்து நிதானமாக நடந்தாலே அரை மணிக்குள் ஏறிவிடலாம்.

யாரோ அடுக்கிவைத்தாற்போலத் தோன்றும் இப்பாறைகள் உண்மையில் எஞ்சியவை. சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் குழம்பு உறைந்து உண்டான கல், வெடிப்புகள் நெருங்கிய இடங்களில் நொறுங்கி அகன்றது. வெடிப்பு குறைந்த இடம் நின்றுவிட்டது.

பலரும் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் வடபக்கம் இறங்கச் சொல்வேன். 1820இல் அங்கே போட்ட தண்டவாளம் இரும்பல்ல, அதே கருங்கல். கிளை பிரியும் இடங்களைக்கூடக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள்! அங்கே வெட்டிய கல் 1831இல் திறந்த லண்டன் பாலத்துக்குப் போயிற்று. பிறகு அந்தப் பாலமே விலைபோய், அதன் முகப்புக் கற்கள் 1971இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் மறுபடி எழுந்தன. டெவனின் மழையில் நனைந்த கல் இன்று அங்கே வெயில் காய்கிறது. வெட்டிய பள்ளத்தில் இப்போது தண்ணீர், தண்டவாளத்தின்மேல் செம்மறியாடுகள்.