பாரமேற்றிய துவிச்சக்கர வண்டியின் சமநிலை: ஜோன்ஸின் பரிசோதனை பற்றிய மறுவாசிப்பு

ஓடும் துவிச்சக்கர வண்டி விழாதிருக்க அதன் முன்பக்க வடிவமைப்பே போதும் என்று ஒரு சாரார் நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். ஹாண்டில் அச்சை நேர்கோட்டில் நீட்டினால் அது நிலத்தைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னாலேயே முன்சக்கரம் நிலத்தைத் தொடுகிறது. இந்த இடைவெளியை இங்கே ‘பின்தங்கல்’ என்கிறேன். டேவிட் ஜோன்ஸ் 1970இல் ‘பிசிக்ஸ் டுடே’ இதழில் வெளியிட்ட கட்டுரையே அவர்களுக்கு முதற்சான்று. அக்கட்டுரை அவ்வளவு தூரம் போகவில்லை என்பது என் வாதம். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையில், பின் கரியரில் மீன்பெட்டியைக் கட்டி ஓட்டுபவரின் வண்டிக்கு அந்த முடிவைப் பொருத்திப் பார்த்தால் பிழை எங்கே என்பது தெரியும்.

ஜோன்ஸ் ஓட்ட முடியாத வண்டி ஒன்றைச் செய்யவே முயன்றார். முதல் வண்டியில் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், நிலத்தைத் தொடாத இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி எதிர்த்திசையில் சுழற்றினார். கைரோஸ்கோப் விளைவு பெரும்பாலும் இல்லாமற் போயிற்று. ஆனாலும் அவரால் அதை ஓட்ட முடிந்தது. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். ஆளில்லாமல் தள்ளிவிட்டபோது அந்தச் சுழற்சி வேறுபாட்டைக் காட்டியது என்பதையும் ஜோன்ஸ் பதிவு செய்திருக்கிறார். ஆளற்ற இலேசான வண்டிக்குக் கைரோஸ்கோப் விளைவு உதவுகிறது, ஆளேறிய பாரமான வண்டிக்கு அது பொருட்டல்ல என்பதே அவர் கண்டது. முன் கவையைப் பின்புறமாகத் திருப்பிப் பின்தங்கலைக் கூட்டிய வண்டி ஆளில்லாமலே வியக்கத்தக்க உறுதியுடன் ஓடியது என்ற அவதானிப்பும் ஆளற்ற வண்டியைப் பற்றியதுதான்.

ஆக, அவர் கட்டுரையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: தானாக ஓடும் வண்டி ஏன் நிமிர்கிறது? கை பிடித்த வண்டி எப்படி நிமிர்த்தப்படுகிறது? முதற்கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் சொல்லியதே மேற்குறித்த வாசிப்பின் அடிப்படைத் தவறு.

மீன்காரரின் வண்டிக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, சக்கர இடைத்தூரம் 1.1 மீற்றர், ஈர்ப்பு மையம் பின்னச்சுக்கு 45 சென்ரிமீற்றர் முன்னே எனக் கொள்வோம். முன்சக்கரம் ஏறத்தாழ 33 கிலோவைத் தாங்கும். பின்னச்சுக்கு 10 சென்ரிமீற்றர் பின்னால் மையம் அமையும்படி 30 கிலோப் பெட்டியைக் கட்டினால் மொத்தத் திணிவு 110 கிலோவாகிறது. முன்சக்கரத்தின் பாரமோ 30 கிலோவாகக் குறைகிறது. பின்தங்கலால் ஹாண்டில் சரிவின் பக்கம் தானே திரும்பும் முறுக்கம் இந்த முன்பாரத்தையே நம்பியிருக்கிறது. வண்டியை வீழ்த்தும் முறுக்கம் மூன்றிலொரு பங்கு கூடும்போது, தானே திரும்பும் போக்கு கூடவில்லை. சற்றுக் குறைந்தும் விடுகிறது. ஓட்டுபவரை அசையாத திணிவாகக் கொண்ட எளிய கணக்குத்தான் இது. என்றாலும் மாற்றம் எத்திசையில் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பாகை சரிவை ஈடுகட்ட, வினாடிக்கு 6 மீற்றர் வேகத்தில் ஹாண்டிலை 0.3 பாகை திருப்பினால் போதும். 3 மீற்றரில் 1.2 பாகை தேவை. 2007இல் மேயார்டும் சகாக்களும் வெளியிட்ட மாதிரி வண்டி, கை படாமல் நிமிர்ந்து ஓடுவது வினாடிக்கு 4.3 முதல் 6.0 மீற்றர் வரையான குறுகிய வேக எல்லைக்குள் மட்டுமே. வீட்டுக்கு வீடு நின்று மீன் விற்பவர் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேதான் ஓட்டுகிறார்.

பெட்டி தாழ்வாக இருந்தால் போதுமே என்பார்கள். நாற்சக்கர வண்டியின் நியாயம் அது. இரு சக்கரத்தில் மையம் தாழத் தாழச் சரிவு விரைவுபடுகிறது. 2011இல் கோய்மனும் சகாக்களும் கைரோஸ்கோப் விளைவை நீக்கி, பின்தங்கலைச் சற்று எதிர்மறையாகவும் அமைத்த வண்டி தானே நிமிர்ந்து ஓடியது. பின்தங்கல் கட்டாயமன்று என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. அங்கும் விழும் பக்கம் முன்சக்கரம் திரும்பியதுதான் வண்டியைக் காத்தது. மீன்காரரின் வண்டியில் அந்தத் திருப்பத்தின் பெரும்பகுதியைச் செய்வது கை.

கை என்று நான் சொல்வதற்குத் தென்மேற்குப் பருவக்காற்றே வலுவான ஆதாரம். வடக்குத் தெற்காக நீண்ட கற்பிட்டிக் குடாநாட்டில் மே முதல் செப்டெம்பர் வரை அது வண்டியின் பக்கவாட்டில் அடிக்கிறது. 110 கிலோ வண்டியை 40 நியூற்றன் விசையில் காற்றுத் தள்ளினால், காற்றுக்கு எதிராக ஏறத்தாழ 2 பாகை சாய்ந்தே நேராக ஓட முடியும். அந்தச் சாய்வை உண்டாக்க முதலில் காற்றுப் போகும் பக்கமே ஹாண்டிலை ஒரு கணம் திருப்ப வேண்டும். இந்த எதிர்த்திருப்பத்தை ராங்கின் 1869இலேயே விளக்கிவிட்டார். தென்னந்தோப்பின் மறைவுக்குள் நுழைந்து காற்று சட்டென்று அறும்போது, அதே 2 பாகை வண்டியைக் கடற்பக்கம் வீழ்த்தப் பார்க்கும். வினாடிக்கு 3 மீற்றர் வேகத்தில் அவ்வீழ்ச்சியைத் தடுக்க மட்டும் இரண்டரைப் பாகை அளவு கடற்பக்கம் திருப்ப வேண்டும். நிமிர்த்த அதற்கும் மேலே.