டக், விசில், பீப்

சமையலறையின் பழைய ஒலிகளை யாரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. 1679இல் டெனிஸ் பாப்பின் செய்த ஆவிப் பாத்திரம் வெடிக்காமலிருக்க அவர் ஒரு வால்வு வைத்தார். நம் பிரஷர் குக்கரின் விசில் அந்த வால்வின் வாரிசு: அழுத்தம் கூடியதும் நீராவி எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் சத்தம். பருப்புக்கு மூணு, கடலைக்கு அஞ்சு என்று அதைக் கணக்காக்கியவர்கள் நம் பெண்கள்.

1955இல் ஜப்பானின் டோஷிபா தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய சாதாரண ரைஸ் குக்கரில் தண்ணீர் வற்றியதும் சூடு 100 டிகிரியைத் தாண்டும். அடியிலுள்ள காந்தம் பிடியை விடும். ‘டக்’. சோறு வெந்தாச்சு.

மின்னணுப் பலகை வந்தபின் ஒலி வேலையிலிருந்து பிரிந்தது. மலிவான பீசோ பஸ்ஸர்கள் பலவும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கத்துபவை. வயதானால் காது முதலில் இழப்பதோ உயர்ந்த சுருதியைத்தான். ஜப்பான் 2002இல் இதற்கொரு தரவிதி எழுதியது. 2010இல் ஐஎஸ்ஓ 24500 வந்தது.

தோட்டத்தில் பெரட்டு மணிக்கு விடியுமுன் எழுந்த என் பாட்டிக்கு, இன்று சுங்கை பூலோ அடுக்குமாடி வீட்டில் வாஷிங் மெஷின் கூப்பிடுவது கேட்பதில்லை. “காது போச்சு” என்கிறார்கள் வீட்டில். ஆனால் விசில் எண்ணிக்கை அவருக்குத் தவறுவதே இல்லை. சுருதியைத் தாழ்த்தினால் அந்தச் சின்ன பஸ்ஸரின் சத்தம் குறையும், சற்றுப் பெரிய ஒலிப்பான் வேண்டும். அந்தச் செலவைச் செய்யாத இயந்திரத்தின் குறையை நாம் பாட்டியின் காதில் எழுதி வைத்திருக்கிறோம்.