கன்னியாகுமரியில் எடுத்த போட்டோவில் புள்ளி புள்ளியா தெரியுதா? கோளாறு லென்ஸிலா, சென்சாரிலா?

சித்ரா பௌர்ணமி மாலையில் ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழும் காட்சியைப் பார்க்க கன்னியாகுமரியில் கூட்டம் கூடும். கேமராவோடு வருபவர்களும் ஏராளம். ஆனால் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வானம் முழுக்க மங்கலான கருப்புத் திட்டுகள்! 'லென்ஸ் போச்சு' என்று பதற வேண்டாம்.

லென்ஸை மாற்றிவிட்டு இன்னொரு படம் எடுங்க. திட்டு அதே இடத்தில் இருந்தால், சென்சாருக்கு மேல் உள்ள கண்ணாடியில் தூசி என்று அர்த்தம். அப்பர்ச்சரை எஃப்/16 அளவுக்குச் சுருக்கினால் அதன் நிழல் பளிச்சென்று விழும், எஃப்/4-ல் கண்ணுக்கே தெரியாது.

ராத்திரி பிரச்சனை வேற. 133 அடி திருவள்ளுவர் சிலையை 30 விநாடி எக்ஸ்போஷரில் எடுத்தால் சிவப்பு, பச்சை, நீல நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் வரலாம். நட்சத்திரம் இல்லைங்க, 'ஹாட் பிக்சல்'. வெளிச்சமே படாவிட்டாலும் சில பிக்சல்களில் மின்சாரம் கசிந்து சேரும். சென்சார் சூடாகச் சூடாக இது கூடும்.

இதற்கு 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்' வசதி உண்டு. ஷட்டரை மூடி, அதே நேரத்துக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுத்து, முதல் படத்திலிருந்து கேமராவே கழித்துவிடும். 30 விநாடி வேலை ஒரு நிமிடமாகும், அதுதான் தொல்லை. 2023 செப்டம்பர் 2-ல் இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்-1 போன்ற விண்கலங்களின் சூரியப் படங்களிலும் இருட்டுப் படத்தைக் கழிக்கும் இதே கணக்குதான். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்சாரை யார் போய் துடைப்பது?

எப்போதும் ஒரே இடத்தில் புள்ளி வந்தால் 'பிக்சல் மேப்பிங்' செய்யணும். நிக்கான் இசட் வரிசை, ஒலிம்பஸ் கேமராக்களின் மெனுவிலேயே இது இருக்கு. கெட்டுப்போன பிக்சலைக் குறித்துவைத்து, பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து அந்த இடத்தை நிரப்பிவிடும். பழைய கேமரா வாங்குபவர்கள் லென்ஸ் மூடியைப் போட்டு 30 விநாடி படம் எடுத்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்க.

தூசிக்கு முதல் வைத்தியம் காற்றூதும் புளோயர். கடற்கரைக் காற்றில் உப்பும் மணலும் இருப்பதால் அங்கே லென்ஸ் மாற்றாமல் இருப்பதே நல்லது. கைக்குட்டையால் சென்சாரைத் துடைக்கவே கூடாது.

அப்படியும் போகாத தூசிக்கு, கேனானில் 'டஸ்ட் டெலீட் டேட்டா' உண்டு. வெள்ளைத் தாளைப் படமெடுத்தால் தூசி இருக்கும் இடம் பதிவாகும், பிறகு அந்த நிறுவனத்தின் மென்பொருள் அழித்துவிடும். ஆனால் தாளை எடுத்த பிறகு எடுக்கும் படங்களில்தான் அந்தத் தகவல் சேரும். நிலா எழுவதற்கு முன்பே இதை முடிச்சிடுங்க.