மாதாமாதம் பணம் கட்டணும்... ஆனா இது இன்சூரன்ஸ் இல்லை! அமெரிக்காவின் கிறிஸ்தவ மருத்துவச் செலவுப் பகிர்வுத் திட்டங்கள் பற்றித் தெரியுமா?

அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில் என்றாலே பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காப்பீடு எடுக்கலாம் என்றால் அதன் விலையும் லேசுப்பட்டதில்லை. வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 2024ல் 25,572 டாலர் என்கிறது கே.எஃப்.எஃப் அமைப்பின் ஆய்வு. அதில் பெரும்பகுதியை நிறுவனமே கட்டிவிடும். ஆனால் சொந்தத் தொழில் செய்பவர், விவசாயி, சின்ன சபையின் போதகர் போன்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அரசு மானியமும் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் அவர்கள் தலையில்தான்.

அப்படிப்பட்டவர்களில் பலர் தேர்ந்தெடுக்கும் மாற்று வழிதான் கிறிஸ்தவ மருத்துவச் செலவுப் பகிர்வுத் திட்டம். கொலராடோ மாநிலக் காப்பீட்டுத் துறை 2023ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இத்தகைய அமைப்புகளில் நாடு முழுவதும் குறைந்தது 17 லட்சம் பேர் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

அது என்ன திட்டம்?

ஒரே நம்பிக்கை கொண்டவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் மற்றவர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வது. அவ்வளவுதான். சக விசுவாசியின் சுமையில் பங்கெடுக்க வேண்டும் என்ற பைபிள் போதனையை இதற்கு அடிப்படையாகச் சொல்கிறார்கள். ஆமிஷ், மென்னோனைட் சமூகங்களில் சபையே ஆஸ்பத்திரி செலவைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அதைப் பெரிய அளவில், முன்பின் தெரியாதவர்களுக்கும் விரித்ததுதான் இன்றைய அமைப்புகள்.

ஒஹையோவில் 1981ல் தொடங்கிய கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸ், 1990களில் வந்த மெடி-ஷேர், இல்லினாய்ஸ் மாநிலத்தின் சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸ் ஆகியவை இதில் பெரிய பெயர்கள்.

பணம் கைமாறும் விதம் அமைப்புக்கு அமைப்பு மாறும். சமாரிட்டனில், இந்த மாதம் எந்தக் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உறுப்பினருக்குத் தகவல் வரும். அவர் நேரடியாக அந்தக் குடும்பத்துக்கே பணத்தை அனுப்புவார். கூடவே ‘உங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்று நாலு வரி எழுதுபவர்களும் உண்டு. முகம் தெரியாதவர்களிடமிருந்து வரும் அந்தக் கடிதங்களுக்காகவே திட்டத்தை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இதைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. காப்பீட்டு நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸில் பணம் பொது நிதிக்குப் போய், அங்கிருந்து பில்லுக்கு வரும்.

பிரீமியம், க்ளெய்ம் போன்ற வார்த்தைகளை இவர்கள் பயன்படுத்துவதில்லை. மாதம் கட்டுவது ‘பங்கு’, பில் வந்தால் அது ‘தேவை’. பில்லில் முதல் பகுதியை உறுப்பினரே கட்ட வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் பகிர்வுக்குப் போகும். இந்த வார்த்தை மாற்றம் வெறும் அலங்காரத்துக்காக இல்லை. காப்பீடு என்று சொல்லிவிட்டால் காப்பீட்டுச் சட்டம் பாயும்.

விலை ஏன் குறைவு?

2010ல் வந்த ஒபாமாகேர் சட்டப்படி, காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே சர்க்கரை நோய், புற்றுநோய் இருப்பவர்களை மறுக்க முடியாது, அதற்காகக் கூடுதல் பிரீமியமும் கேட்க முடியாது. பிரசவம், மனநல சிகிச்சை, மருந்துச் செலவு உள்ளிட்ட 10 வகை சேவைகளைக் கட்டாயம் தர வேண்டும். நெட்வொர்க்குக்குள் சிகிச்சை பெற்றால் நோயாளி கையிலிருந்து கட்டுவதற்கும் ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2025ல் தனிநபருக்கு அது 9,200 டாலர்.

பகிர்வு அமைப்புகளுக்கு இந்தக் கட்டாயங்கள் எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் சில ஆண்டுகள் பகிர்வு கிடைக்காமல் போகலாம், அல்லது மிகக் குறைந்த தொகைதான் கிடைக்கும். மனநல சிகிச்சை, மாதாமாதம் வாங்கும் மருந்து போன்றவை பல திட்டங்களில் வெளியே நிற்கும். வாழ்க்கை முறை நிபந்தனைகளும் உண்டு. புகையிலை, போதைப்பொருள் கூடாது. திருமணத்துக்கு வெளியே உறவு கூடாது. தவறாமல் சபைக்குப் போக வேண்டும், அதைப் போதகர் உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்கும் அமைப்பும் இருக்கிறது. திருமணமாகாத பெண்ணின் பிரசவச் செலவையும் கருக்கலைப்பையும் பொதுவாகப் பகிர்வதில்லை.

ஆக, அதிகம் செலவு வைக்கக்கூடியவர்கள் வாசலிலேயே வடிகட்டப்படுகிறார்கள். மிச்சமிருப்பவர்களின் மாதப் பங்கு குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, பில்லைக் கட்ட வேண்டியது யார்?

மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. காப்பீடு ஓர் ஒப்பந்தம். பாலிசியில் இருப்பதைத் தர மறுத்தால் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் புகார் செய்யலாம், வழக்குப் போடலாம். பகிர்வுத் திட்டத்தில் அப்படி ஒரு வாக்குறுதியே கிடையாது. ‘இது காப்பீடு அல்ல, யாரும் உங்கள் பில்லைக் கட்டக் கடமைப்பட்டவர்கள் இல்லை, பில்லுக்கு எப்போதும் நீங்களே பொறுப்பு’ என்ற அர்த்தத்தில் அறிவிப்பை இந்த அமைப்புகளே தருகின்றன. ஏறக்குறைய 30 மாநிலங்கள் இவற்றைக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. அந்த விலக்கு பெற இந்த அறிவிப்பு முக்கியமான நிபந்தனை. தகராறு வந்தாலும் அமைப்புக்குள்ளேயே மேல்முறையீடு, சமரசம் என்றுதான் பெரும்பாலும் போகும். மொய் வைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும் என்ற நம்பிக்கை உண்டு, ஆனால் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது.

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இதை நேரடியாகவே உணரலாம். பல திட்டங்களில் உறுப்பினரை ‘சொந்தப் பணம் கட்டுபவர்’ என்றுதான் பதிவு செய்வார்கள். பேரம் பேசி பில்லைக் குறைத்து வாங்குவது அவர் வேலை. சில நேரம் நல்ல தள்ளுபடி கிடைப்பதும் உண்மை. ஆனால் பகிர்வுப் பணம் வர மாதக்கணக்கில் தாமதமானால், வசூல் ஏஜென்சியின் போன் அவருக்குத்தான் வரும்.

ஷாரிட்டியில் நடந்தது

நல்ல பெயருள்ள அமைப்புகள் பல ஆண்டுகளாகப் பெரிய பில்களையும் பகிர்ந்துவருகின்றன. ஆனால் இந்தத் துறையின் பலவீனம் எது என்பதைக் காட்டியது ஷாரிட்டி மினிஸ்ட்ரீஸ். முதலில் ட்ரினிட்டி ஹெல்த்ஷேர் என்ற பெயரில் 2018ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பின் விற்பனையும் நிர்வாகமும் அலீரா என்ற லாப நோக்க நிறுவனத்தின் கையில் இருந்தன. 2019லேயே பல மாநிலங்கள் இது அனுமதியில்லாத காப்பீட்டு வியாபாரம் என்று நடவடிக்கை எடுத்தன. 2021 ஜூலையில் ஷாரிட்டி திவால் மனு கொடுத்தது. பிறகு அது கலைக்கப்பட்டது.

உறுப்பினர்கள் கட்டிய ஒவ்வொரு டாலரிலும் 16 சென்ட்தான் மருத்துவச் செலவுக்குப் போனது என்று கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் 2022 ஜனவரியில் தொடர்ந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டது. தனிநபர் காப்பீடு விற்கும் நிறுவனம் டாலருக்குக் குறைந்தது 80 சென்ட்டை மருத்துவத்துக்கும் அதன் தர மேம்பாட்டுக்கும் செலவிட வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டு நிறுவனம் மூழ்கினால் பாலிசிதாரருக்குக் கைகொடுக்க மாநில உத்தரவாத நிதி உண்டு. ஷாரிட்டி உறுப்பினர்களுக்கு அதுவும் இல்லை. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள், கட்டப்படாத பில்லோடு திவால் நீதிமன்றத்தில் கடன்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

பலர் கவனிக்காத சிக்கல்

ஒபாமாகேர் வந்தபோது, காப்பீடு எடுக்காதவர்களுக்கு அபராதம் இருந்தது. 1999 டிசம்பர் 31 முதலே இயங்கிவரும் பகிர்வு அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு அதிலிருந்து விலக்கு தரப்பட்டது. திட்டங்கள் வேகமாக வளர அது பெரிய காரணம். 2019 முதல் அந்த மத்திய அரசு அபராதமே பூஜ்ஜியமாகிவிட்டதால், இன்று பேச்சு முழுக்க விலையைச் சுற்றித்தான். 2021ல் கூட்டப்பட்ட காப்பீட்டு மானியம் 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டதால், மாற்று தேடுபவர்களுக்கு இந்த விளம்பரங்கள் இன்னும் கவர்ச்சியாகத் தெரியும்.

ஆனால் உள்ளே போவது எளிது, வெளியே வருவது அப்படியில்லை. ஒபாமாகேர் காப்பீட்டில் சேரும் காலம் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 1ல் தொடங்கி சில வாரங்கள்தான். வேலை போய்க் காப்பீடும் போனால் இடையிலும் சேரலாம். பகிர்வு உறுப்பினர் நிலை போனால் அந்தச் சலுகை கிடைக்காது, ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் அவரிடம் காப்பீடே இருந்ததில்லை. மார்ச்சில் புற்றுநோய் தெரியவந்து, ‘இது பழைய நோய், பகிர முடியாது’ என்று பதில் வந்தால், கல்யாணம், குழந்தை பிறப்பு போன்ற வேறு காரணம் இல்லாதவர் பெரும்பாலும் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.

வேலை போனதாலோ, சொந்தமாகத் தொழில் தொடங்கியதாலோ நிறுவனக் காப்பீட்டை இழந்தவர்களுக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு. விலையை மட்டும் பார்த்து அந்த நாட்களை விட்டுவிட்டால் பிறகு திரும்ப முடியாது. பழைய மானியம், வறுமைக்கோட்டைப் போல 4 மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு இன்னும் கிடைக்கிறது. அதையும் கழித்துப் பார்த்தால் சில குடும்பங்களுக்குக் காப்பீடே மலிவாக வரலாம். பகிர்வுத் திட்டத்துக்கு அந்த மானியம் கிடையாது.

அப்படியும் சேருவதாக இருந்தால், விளம்பரத்தை விட்டுவிட்டு வழிகாட்டு நெறிகள் புத்தகத்தைப் படிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய் என்று எதைச் சொல்கிறார்கள், ஒரு நோய்க்கு உச்சவரம்பு எவ்வளவு, பிரசவத்துக்கு எத்தனை மாதக் காத்திருப்பு, கட்டும் பணத்தில் நிர்வாகச் செலவு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான், தணிக்கை அறிக்கையிலும்தான் இருக்கும். தணிக்கை அறிக்கை தரத் தயங்கும் அமைப்பு என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.